காற்றிலும் ஒரு வரிசை

மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டது 1998இல். நாட்டுக்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இந்தப் பேட்டையில் நண்பரின் மகள் தங்கிப் படிக்கும் கல்லூரி விடுதி இருக்கிறது. உதவித்தொகை விண்ணப்பத்துக்கு மறுநாள் காலைதான் கெடு. இரவு பத்து மணிக்கு வைஃபை நகரவே இல்லை. செல்போன் டேட்டாவும் தீர்ந்துவிட்டது.

நிர்வாகங்களுக்குத் தெரிந்த வைத்தியம், சுவரில் இன்னொரு பெட்டி மாட்டுவது. அங்கேதான் கோளாறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாத தடங்கள் மூன்றே. ஒரே தடத்தில் இருப்பவர்கள் முறைவைத்துத்தான் பேச முடியும். மூலையில் ஒரு பழைய லேப்டாப் இழுத்து இழுத்துப் பேசினால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். ரேஷன் கடை வரிசை தோற்றது!

இந்தத் தொல்லை பிறந்ததும் பல்கலைக்கழகத்தில்தான். 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு இயக்கிய 'அலோஹா' வலையமைப்பில், நினைத்தபோது யாரும் தகவல் அனுப்பலாம். மோதினால் மறுபடி அனுப்ப வேண்டும். இந்த முறையில் தடத்தின் திறனில் தேறுவது அதிகபட்சம் 18 சதவீதம் என்கிறது கணக்கு.

பெட்டிகளின் சக்தியைக் குறைத்து அறைகளுக்கு அருகே வைக்கலாம். தடங்கள் அதிகமுள்ள 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாணவர்களை நகர்த்தலாம். 2018இல் அரசு அதை லைசென்ஸ் இல்லாமல் தாராளமாகவே திறந்துவிட்டது. மேஜைக் கம்ப்யூட்டருக்குப் பழைய கேபிளே மேல். யூடியூபை முடக்குவது சுலபம், ஆனால் பாடமும் அதில்தான் வருகிறது.

அந்தப் பெண் விண்ணப்பத்தை அனுப்பியது விடியற்காலை மூன்று மணிக்கு. அப்போதுதான் வரிசையில் ஆளில்லை.