தோலும் ஒரு வாசல்!

புதுக்கோட்டைத் திருக்கோகர்ணம் கோயிலின் கருவறை, பாறையைக் குடைந்து அமைத்தது. கல்லுக்குள்ளும் வழி உண்டு! மனிதனின் தோலும் அப்படித்தான். பார்த்தால் அடைத்த சுவர். ஆனால் சில பொருள்கள் அதில் ஊடுருவி இரத்தத்தில் கலந்துவிடும்.

மருத்துவர்கள் இதை நல்ல வழியில் பயன்படுத்துகிறார்கள். பயணத்தில் வரும் குமட்டலைத் தடுக்க, காதுக்குப் பின்னால் ஒட்டும் மருந்துப் பட்டைக்கு 1979-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நெஞ்சுவலிக்கும், புகைப்பழக்கத்தை விடுவதற்கும் இத்தகைய பட்டைகள் பின்னர் வந்தன.

ஆனால் மருந்து நுழையும் வாசலில் நஞ்சும் நுழையும்! முகம் வெளுக்கப் பூசும் சில கிரீம்களில் பாதரசம் இருக்கிறது. அது தோல் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். இப்படிப் பாதிக்கப்பட்ட பலர் 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் கண்டறியப்பட்டனர்.

ஸ்டீராய்டு களிம்பைக் கண்டபடி பூசினால் தோல் மெலியும், முகம் சிவக்கும். 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவிட்டது.

“மேலே பூசுவதுதானே, என்ன ஆகிவிடும்?” என்று எண்ணக்கூடாது. அடுத்த வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்கிப் பூசவும் கூடாது. குழந்தைகளின் தோல் மெல்லியது. அவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும்.

களிம்பும் மருந்துதான். விழுங்கும் மாத்திரைக்குக் காட்டும் எச்சரிக்கையைப் பூசும் களிம்புக்கும் காட்டவேண்டும்!