பூனையின் சர்க்கரையை வீட்டில்தான் அளக்க வேண்டும்

சர்க்கரை நோய் இருப்பதாகத் தெரியவரும் நாய், பூனைகளில் பத்தில் ஒன்றுக்கு, நோய் தெரிந்த கையோடு கருணைக்கொலை ஊசி போடப்படுகிறது. இன்னும் பத்தில் ஒன்று, சிகிச்சை சரிப்படவில்லை என்றோ வீட்டாரால் முடியவில்லை என்றோ ஒரு வருடத்துக்குள் அதே முடிவைச் சந்திக்கிறது. பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடை மருத்துவர்களிடம் கேட்டு 2017-ல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வின் மதிப்பீடு இது. பூனைகளைப் பொறுத்தவரை இது கூடுதல் வேதனை தருவது. நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க இன்சுலின்தான். பூனைக்கு வருவதோ மனிதர்களின் இரண்டாம் வகை நோயைப் போன்றது. உடல் பருத்து, இன்சுலினுக்கு உடல் மசியாமல் போய், கணையம் களைத்துப்போன நிலை அது. கணையம் செத்துப்போன நிலை அல்ல. அதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஓய்வு கொடுத்தால், ஊசியே தேவைப்படாத நிலைக்குப் பல பூனைகள் திரும்பிவிடுகின்றன. அந்த வாய்ப்பு மருத்துவமனையின் கையில் இருப்பதைவிட வீட்டின் கையில்தான் அதிகம் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது ஊசி போட மட்டும் கற்றுக்கொடுத்து அனுப்புவதே பெரும்பாலும் வழக்கம். இன்சுலின் குப்பியைக் கொடுக்கும் அதே நாளில், ரத்தச் சர்க்கரையை வீட்டிலேயே அளக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் வாதம். அளக்காமல் ஊசி போடுவது அரைகுறைச் சிகிச்சை மட்டுமல்ல, பூனையைப் பொறுத்தவரை ஆபத்தும்கூட.

மருத்துவமனையில் எடுக்கும் அளவு போதாதா என்று கேட்கலாம். பூனையைக் கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் கூடத்தில் காக்கவைத்து, துண்டில் சுற்றிப் பிடித்து ரத்தம் எடுத்தால், சர்க்கரை நோயே இல்லாத பூனைக்குக்கூட அளவு 300-ஐத் தொடலாம், தாண்டவும் செய்யலாம். பயத்தில் ஏறும் சர்க்கரை அது. பூனையிடம் இது மிகச் சாதாரணம். இதைப் பார்த்து இன்சுலினைக் கூட்டினால், வீட்டுக்கு வந்து பயம் தெளிந்தபின் அந்தக் கூடுதல் மருந்து சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் கீழே இறக்கிவிடலாம். இதற்கு மாற்றாக ஃப்ரக்டோசமைன் என்றொரு பரிசோதனை இருக்கிறது. கடந்த இரண்டு மூன்று வாரங்களின் சராசரியை அது காட்டும், பயத்தால் ஏமாறாது. நல்ல சோதனைதான். ஆனால் சராசரிக்கே உரிய குறை அதற்கும் உண்டு. காலையில் 350-ம் மதியம் 50-மாக ஊசலாடும் பூனைக்கும் சராசரி ஓரளவு நல்லதாகவே வந்துவிடலாம். அந்த மதியத்து 50 யார் கண்ணிலும் படாது.

பூனை விஷயத்தில் பலரும் கவனிக்கத் தவறுவது இன்னொன்று: சிகிச்சை வெற்றி பெறுவதே ஆபத்தாக மாறக்கூடும். கிளார்ஜின் இன்சுலின், மாவுச்சத்து குறைந்த உணவு, வீட்டிலேயே அடிக்கடி அளவு பார்த்தல் ஆகிய மூன்றையும் சேர்த்து 55 பூனைகளில் செய்து பார்த்த ஆய்வு 2009-ல் வெளியானது. அவற்றில் 64 சதவீதம் இன்சுலினை விட்டே வெளியே வந்தன. நோய் தெரிந்து ஆறு மாதத்துக்குள் இந்த முறைக்கு வந்தவற்றில் 84 சதவீதம். அதற்குப் பிறகு வந்தவற்றில் 35 சதவீதம் மட்டுமே. தானாக முன்வந்து ஈடுபட்ட, பொறுமையுள்ள வீட்டார் என்பதால் கணக்கு சற்றுத் தூக்கலாக இருக்கலாம். எல்லா ஆய்விலும் இவ்வளவு வந்ததில்லை. ஆனாலும் ஆறு மாதத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை அலட்சியம் செய்ய முடியாது. இந்த எண்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கணையம் தேறத் தேற, வெளியிலிருந்து கொடுக்கும் இன்சுலினின் தேவை வாரத்துக்கு வாரம் குறையும். போன மாதம் பூனையைக் காப்பாற்றிய இரண்டு யூனிட், இந்த மாதம் அதை வலிப்பில் தள்ளலாம். அந்தத் திருப்பம் எந்த வாரத்தில் வரும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்ல முடியாது. மாதம் ஒருமுறை போய்க் காட்டினாலும் கண்டுபிடிக்க முடியாது. ஊசி போடும் கையே அளந்து பார்த்தால்தான் தெரியும்.

உணவும் இதே கணக்கில்தான் வருகிறது. பூனை அடிப்படையிலேயே மாமிச உண்ணி. வீடற்றுத் திரிந்து, வேட்டையாடிப் பிழைக்கும் பூனைகள் என்ன தின்கின்றன என்று ஆராய்ந்தவர்கள், அவற்றின் உணவில் மாவுச்சத்திலிருந்து வரும் ஆற்றல் சுமார் 2 சதவீதம்தான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பையில் விற்கும் உலர் தீவனங்கள் பலவற்றில் இது 30 சதவீதத்துக்கு மேல். நம் வீடுகளின் பால் சோறு, மீன் குழம்பு பிசைந்த சோறு ஆகியவற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கருத்தடை செய்த, வெளியே போகாத, நாள் முழுக்கத் தட்டில் உலர் தீவனம் நிரம்பியிருக்கும் ஆண் பூனைதான் இந்த நோய்க்கு வாகான ஆள். 2006-ல் வெளியான ஆய்வு ஒன்றில், மாவுச்சத்து குறைந்த டப்பா உணவு தின்ற பூனைகளில் 68 சதவீதமும், மாவுச்சத்து மிதமாகவும் நார்ச்சத்து அதிகமாகவும் இருந்த உணவு தின்றவற்றில் 41 சதவீதமும் இன்சுலினிலிருந்து விடுபட்டன. ஆக, உணவை மாற்றுவதும் மருந்துதான்; மருந்தென்றால் அதற்கும் அளவு வேண்டும். இன்சுலினை அப்படியே வைத்துக்கொண்டு, நல்லது செய்வதாக நினைத்து ஒரே நாளில் சோற்றையும் உலர் தீவனத்தையும் நிறுத்தினால், சர்க்கரை தடாலென இறங்கும். உணவை மாற்றும் வாரத்தில்தான் அதிகம் அளக்க வேண்டும். இன்சுலினை முன்கூட்டியே குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டே மாற்ற வேண்டும். வெறும் வேகவைத்த கோழிக்கறியோ மத்தி மீனோ போட்டால் போதும் என்பதும் சரியல்ல. எலும்பில்லாத கறியில் கால்சியம் மிகக் குறைவு. பூனையின் இதயத்துக்கும் கண்ணுக்கும் தேவைப்படும் டாரின் வேகவைத்த தண்ணீரோடு போய்விடும். வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனை குண்டாக இருக்கிறதே என்று பட்டினி போடுவது எல்லாவற்றையும்விட மோசம். சில நாள் சாப்பிடாவிட்டாலே அதன் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி பேர், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. அதாவது, குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், பிரிட்ஜ் கதவில் இன்சுலின் எல்லாம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. பூனைக்குச் சர்க்கரை என்றால் சிரிக்கிறவர்கள்கூட அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பாதி தெரிந்தவர்களே. இது பெரிய அனுகூலம். ஆனால் அந்தப் பாதியறிவு காலை வாரிவிடும் இடங்களும் இருக்கின்றன. தாத்தாவுக்குப் போடும் கலவை இன்சுலின் பூனைக்கானது அல்ல. தாத்தாவுக்கு 20 யூனிட் என்றால், பூனைக்கு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு யூனிட்டில்தான் தொடங்குகிறார்கள். கூட்டுவதும் குறைப்பதும் அரை யூனிட் கணக்கில். எல்லாவற்றையும்விடப் பெரிய கண்ணி சிரிஞ்சில் இருக்கிறது. நம் மருந்துக்கடைகளில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினும் கிடைக்கும், 100 யூனிட் உள்ளதும் கிடைக்கும். சிவப்பு மூடி சிரிஞ்ச் நாற்பதுக்கு, ஆரஞ்சு மூடி நூறுக்கு. வழக்கமான கிளார்ஜின் நூறு வகை. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 2 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 5 யூனிட். நாலு கிலோ உயிருக்கு அது தாங்காது. தலைகீழாகச் செய்தால் 0.8 யூனிட்தான் போகும். மருந்து வேலை செய்யவில்லை என்று வீணாக அளவைக் கூட்டுவார்கள். மருந்துச் சீட்டில் இன்சுலின் பெயரோடு சிரிஞ்சின் வகையையும் மூடியின் நிறத்தையும் எழுதிக் கொடுப்பதற்கு மருத்துவருக்கு ஐந்து நொடி ஆகுமா?

அளப்பது எப்படி என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். காது மடலின் வெளி ஓரத்தில் மெல்லிய ரத்தநாளம் ஒன்று ஓடுகிறது. வெதுவெதுப்பான துணியால் காதைச் சற்று நேரம் பிடித்துச் சூடாக்கி, ஓரத்தில் வாசலின் லேசாகத் தடவி, பின்பக்கம் பஞ்சை அண்டக் கொடுத்து, நாளத்துக்கும் ஓரத்துக்கும் நடுவே லேன்செட்டால் ஒரு குத்து. வாசலின் இருப்பதால் ரத்தம் முடிக்குள் பரவாமல் முத்தாகத் திரளும். ஸ்ட்ரிப்பின் நுனியை அதில் தொட்டால் உறிஞ்சிக்கொள்ளும். பஞ்சை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, கையோடு ஒரு துண்டு கறி கொடுத்தால், சில நாளில் பூனை மீட்டர் பெட்டியைத் திறக்கும் சத்தத்துக்கே வந்து உட்காரும். கூடையும் ஆட்டோவும் கொடுக்கும் கொடுமையோடு ஒப்பிட்டால், இதில் வாயில்லா ஜீவனை வதைப்பது எங்கே இருக்கிறது? முதல் நாள் மட்டும் இரண்டு பேர் இருப்பது நல்லது.

மனிதர்களுக்கான மீட்டர் பூனைக்குத் துல்லியமல்ல என்று மருத்துவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பூனையின் ரத்தத்தில் குளுக்கோஸ் பெரும்பகுதி பிளாஸ்மாவிலேயே இருக்கிறது; மனித ரத்தத்தில் சிவப்பணுக்களுக்குள்ளும் கணிசமாக உண்டு. அதனால் நம் மீட்டர் பூனைக்குப் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். விலங்குகளுக்கென்றே செய்த மீட்டர் கிடைத்தால் அதுவே மேல். கிடைக்காவிட்டால், ஒரே மீட்டரை மாற்றாமல் பயன்படுத்தி, அது மனித மீட்டர் என்று மருத்துவருக்குச் சொல்லிவிட்டால், ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கு தெளிவாகவே தெரியும். குறைத்துக் காட்டும் பிழை எச்சரிக்கையின் பக்கம் சாய்கிற பிழை என்பதையும் மறக்க வேண்டாம். இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: மீட்டரைக் கையில் கொடுத்தால் வீட்டார் தாங்களே மருத்துவராகி, ஒவ்வொரு எண்ணுக்கும் மருந்தைக் கூட்டிக் குறைப்பார்கள். நடக்கக்கூடியதுதான். ஆனால் அதற்கான பதில் மீட்டரைப் பறிப்பதல்ல, எல்லையை எழுதிக் கொடுப்பது. கூட்டுவது மருத்துவரைக் கேட்காமல் கூடவே கூடாது. அதுவும் ஒரு மருந்தளவை ஐந்து நாளாவது பார்த்த பிறகுதான். ஊசிக்கு முந்தைய அளவு மருத்துவர் குறித்துக் கொடுத்த எண்ணுக்குக் கீழே இருந்தாலோ, பூனை சாப்பிடாவிட்டாலோ, வாந்தி எடுத்தாலோ, ஊசியை நிறுத்திவைத்துவிட்டு போன் செய்ய வேண்டும். 60-க்குக் கீழே இறங்கினால் உடனே உணவு. தள்ளாட்டம், வெறித்த பார்வை, வலிப்பு என்றால் ஈறில் தேன் தடவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வாய்க்குள் எதையும் ஊற்றக் கூடாது. போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இரண்டாவது ஊசி கிடையாது. ஒரு வேளை தவறினால் பூனை சாகாது, இரண்டு முறை போட்டால் சாகலாம். இவ்வளவும் ஒரு பக்கத் தாளில் அடங்கிவிடும்.

மனிதர்களுக்கே இன்சுலின் எட்டாத நாட்டில் பூனைக்கு இத்தனை ஆடம்பரமா என்ற கேள்வியும் வரும். மனிதர்களின் இன்சுலின் பிரச்சினை விலையிலும் விநியோகத்திலும் இருக்கிறது. பூனைக்குப் போகும் இரண்டு யூனிட்டால் வந்ததல்ல. கிளார்ஜின் 2022-ல் நம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. அது மனிதர்களுக்காகச் செய்யப்பட்டது, பூனைகளும் அதில் பயனடைகின்றன. செலவு என்று பார்த்தாலும், அளக்காமல் விட்ட பூனை ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி மருத்துவமனையில் டிரிப்போடு படுத்தால் ஆகும் பில்லுக்கு முன்னால் ஸ்ட்ரிப் விலை ஒன்றுமில்லை. மாத்திரை போதாதா என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2022-லும் 2023-லும் பூனைகளுக்கென்றே இரண்டு வாய்வழி மருந்துகள் அனுமதி பெற்றன. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் வகை. ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்ட பூனைக்கு அவை ஆகாது. ரத்தச் சர்க்கரை ஒழுங்காக இருக்கும்போதே கீட்டோன் ஏறிவிடும் அபாயம் இருப்பதால் அங்கும் அளப்பது விட்டபாடில்லை. வெந்தயப் பொடி, பாகற்காய்ச் சாறு யோசனைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை; பூனை அவற்றைத் தொடாது என்பதே ஆறுதல்.

உண்மையிலேயே முடியாத வீடுகள் இருக்கின்றன. தனியாக வாழ்ந்து, ஷிப்டு மாறி மாறி வேலைக்குப் போகிறவரால் இரண்டு ஊசிகளுக்கு நடுவே வேண்டிய பன்னிரண்டு மணி நேர இடைவெளியைக் காப்பாற்ற முடியாது. காதைத் தொடவே விடாத பூனைகளும் உண்டு. அவர்களிடம் இன்றே முழு முறையும் வேண்டும், இல்லாவிட்டால் பயனில்லை என்று சொல்வது, கருணைக்கொலை மேசைக்கே அனுப்புவதுதான். சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும், தோளில் ஒட்டும் சென்சார் பூனைகளிலும் வேலை செய்கிறது. அதுவும் கட்டுப்படியாகாதவர்கள் ஊசிக்கு முன் ஒரு வேளை மட்டுமாவது அளக்கலாம். எடையை வாரம் ஒருமுறை குறிக்கலாம். தண்ணீர்க் கிண்ணம் எவ்வளவு வேகத்தில் காலியாகிறது, மணல் தட்டில் எத்தனை கட்டி சேர்கிறது, மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று பார்க்கலாம். மருத்துவர் மருந்தை மிதமாக வைத்துக்கொள்வார். பூனை முழுக்கத் தேறாமல் போனாலும் நன்றாக வாழும். ஊசியிலிருந்து விடுபட்ட பூனைகளின் வீட்டாரும் மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அவற்றில் கணிசமானவற்றுக்கு நோய் திரும்புகிறது. தோல் அரிப்புக்கென்று போடும் ஒரு நீண்டகால ஸ்டீராய்டு ஊசியே அதற்குப் போதும். வாரம் ஒருமுறை ஒரு சொட்டு, அதே மாவுச்சத்து குறைந்த உணவுமுறை, புதிதாகப் பார்க்கும் எந்த மருத்துவரிடமும் ‘இதற்கு முன்பு சர்க்கரை இருந்தது’ என்ற ஒரு வரி. இவை பூனை இருக்கும்வரை தொடர வேண்டியவை.