நான்கு கட்டத்தில் ஏழு பேர்

போன பள்ளி விடுமுறையில் பீடோருக்குப் போயிருந்தேன். அண்ணன் மகன் முன்கூடம் முழுக்க மாஜோங் தாளைப் பரப்பி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா, கணக்குப் பாடமா?"

"இல்ல அத்தை, சண்டை மேப்."

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஓர் ஆட்டம். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதில் வரும் வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் ஆடுவார்கள். நினைத்தது நடக்குமா என்பதை 20 முகப் பகடை முடிவு செய்யும். சண்டை மூண்டால் யார் எங்கே நிற்கிறார் என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான் கட்டம் போட்ட வரைபடம். ஓர் அங்குலக் கட்டம் என்றால் ஐந்தடி இடம். ஒரு கட்டத்தில் ஒருவர்.

கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு நான்கு பையன்கள் மூன்று மணி நேரம் பேசி விளையாடுகிறார்கள். அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு தாள் குப்பைக்குப் போகிறது. அழித்து அழித்து வரையும்படி ஒன்று செய்வோம் என்று இருவரும் உட்கார்ந்தோம்.

மாஜோங் தாளில் ஓர் அங்குல இடைவெளியில் கட்டம் போட வேண்டும். முதலில் நான்கு ஓரங்களிலும் புள்ளி வைத்துக்கொண்டு பிறகு கோடுகளை இணைத்தால் கோணாது. கோடு வெளிறிய சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். கறுப்பாக இருந்தால் மேலே வரைவது எடுபடாது. சாப்பாட்டு மேசைக்கு விரிக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கைத் தாளைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, மேலே விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டினால் முடிந்தது.

பேனாவில்தான் கவனம் தேவை. வெண்பலகைப் பேனா மை இந்த மாதிரி மெத்தென்ற பிளாஸ்டிக்கில் நாள்கணக்கில் இருந்தால் கறையாகிவிடும். ஈரத்துணியால் அழிக்கும் பேனா நல்லது. எதுவானாலும் முதலில் ஒரு மூலையில் கிறுக்கி அழித்துப் பாருங்கள். மடித்து வைக்காதீர்கள், மடிப்பு போகாது. குழாயில் சுற்றி வையுங்கள். இவ்வளவு வேலை வேண்டாம் என்றால் ஏ3 தாளில் கட்டம் போட்டு லேமினேட் செய்யலாம். 16க்கு 11 கட்டம் கிடைக்கும், ஒரு சின்னச் சண்டைக்குப் போதும். காய்க்குப் பொம்மை வாங்க வேண்டியதில்லை. சோடா பாட்டில் மூடி கட்டத்தைவிடப் பெரிது. 10 சென் காசு அழகாக உட்காரும்.

அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். "இதுக்கா இவ்வளவு பாடு? நாங்க அஞ்சடியில ஆணியால கீறி வச்சிருந்தோம் தாயக்கட்டம். எத்தனை தண்ணி ஊத்திக் கழுவினாலும் அழியாது" என்றார்.

"அது இப்ப எங்க பாட்டி?"

அம்மா பிறந்து வளர்ந்தது பக்கத்து ரப்பர்த் தோட்டம். தோட்டம் கைமாறியது, லயங்களை உடைத்துச் செம்பனை நட்டார்கள். தட்டுமுட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களால் தரையைத் தூக்கி வர முடியுமா?

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேனாவை எடுத்து, "நீங்க சொல்லுங்க பாட்டி, நான் போடறேன்" என்றான். லயத்தின் வரிசை, தண்ணீர்க் குழாய், கோயில், பெரட்டுக் களம் எல்லாம் வந்தன. "கோயில் அந்தப் பக்கம் இல்லடா, ஆலமரத்தைத் தாண்டி" என்று அம்மா திருத்தத் திருத்த, ஈரத்துணியால் துடைத்து மறுபடி போட்டான். தாளில் போட்டிருந்தால் முதல் திருத்தத்திலேயே கிழித்திருப்பான்.

"உங்க வீட்டு ரூம் எவ்வளவு பெருசு?"

"பத்தடிக்குப் பத்தடி இருக்கும்."

அவன் கணக்குப் போட்டான். ஐந்தடிக்கு ஒரு கட்டம் என்றால் மொத்தம் நான்கு கட்டம். "எத்தனை பேரு?"

"அப்பா, அம்மா, நாங்க அஞ்சு பேரு."

ஏழு காசுகளை எடுத்து வைத்தான். நான்கு உட்கார்ந்தன, மூன்று கையில் நின்றன. "விதிப்படி இடம் இல்ல பாட்டி."

அம்மா சிரித்துக்கொண்டே, "அதான் அப்பாவும் அண்ணன்க ரெண்டு பேரும் அஞ்சடியில படுப்பாங்க" என்றார். அவன் அந்த மூன்று காசுகளையும் வாசலுக்கு நகர்த்தி வைத்தான்.

லயத்து வாழ்க்கையைப் பற்றி வானொலியில் நான் எத்தனையோ பேரைப் பேச வைத்திருக்கிறேன். என் பாட்டன் மழைச்சாரலில் வாசலில் படுத்தவர் என்பது அன்றுதான் எனக்கே தெரியும்.

சாயந்திரம் நண்பர்கள் வருவதற்குள் மேப்பை அழிக்க அவனுக்கு மனசு வரவில்லை. அம்மாவே துணியை எடுத்தார். "துடைச்சிட்டு விளையாடுங்கடா. நாளைக்குத் திருவிழா அன்னிக்குக் கோயில் எப்படி இருக்கும்னு சொல்றேன்."

அவர் துடைப்பதற்கு முன் நான் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். உங்கள் வீட்டில் இப்படி ஒன்று செய்தால், நீங்களும் துடைப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.