உடைந்ததா, உடைத்தோமா?

பழுதுபார்க்கும் மையம் ஒன்றில் சென்ற மாதம் எனக்குத் தரப்பட்ட தாளில், பயனரின் கவனக்குறைவால் சேதம் என்று பொருள்படும் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியிலேயே விசாரணையும் முடிந்திருந்தது, தீர்ப்பும் முடிந்திருந்தது.

நடந்தது இது. வட்டவடையில் பூண்டு வேளாண்மைச் சொற்களைப் பதிவுசெய்துகொண்டிருந்தேன். மழைக்காலம், மின்சாரம் வரும்போதே மின்னேற்றிக்கொள்ள வேண்டும். தங்கியிருந்த வீட்டில் எனக்கு வாய்த்த பிளக் உள்ளறையில் ஒன்றே. வடம் வாசற்படியைக் கடந்து திண்ணைக்கு வந்தது. ஓடிவந்த குழந்தையின் காலில் அது சிக்கியது. கணினி கீழே விழவில்லை. மின்னேற்றும் துளைக்குள் இருக்கும் மெல்லிய நாக்கு மட்டும் சாய்ந்துவிட்டது. தாய்ப்பலகை முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். சேமிப்புச் சில்லும் அதே பலகையில் பற்றவைக்கப்பட்டிருந்தது. பலகை போனால், நான் இன்னும் படியெடுக்காத ஆறு நாள் பதிவுகளும் போகும். படியெடுக்காதது என் பிழை, அதை மறுக்கவில்லை.

ஆனால் துளை உடைந்தது யார் பிழை? தமிழில் 'உடைந்தது' தன்வினை, 'உடைத்தாய்' பிறவினை. ஒரே வேர், விகுதிக்கு முன் நிற்கும் இடைநிலை மாறினால் குற்றவாளி தோன்றிவிடுகிறார். உற்பத்தியாளர் தம் பொருளின் குறையைப் பேசும்போது எல்லாம் தானாக 'உடைகிறது'. நாம் கொண்டுசென்றால் நாம் 'உடைத்தோம்'. வடிவமைத்தவர் மட்டும் எந்தத் தொடரிலும் எழுவாயாக வருவதில்லை. நான் எதிர்ப்பது இந்த இலக்கணத்தைத்தான்.

வடம் இழுபடும் என்பது யாரும் எதிர்பாராத விபத்தன்று. ஜப்பானிய மின்கெண்டிகளில், கால் இடறினால் கழன்றுகொள்ளும் காந்த இணைப்பு நெடுநாளாக உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2006இல் அதே கருத்தை மடிக்கணினிக்குக் கொண்டுவந்தது. 2016 முதல் படிப்படியாகக் கைவிட்டது. 2021இல் மீண்டும் கொண்டுவந்தது. பழைய உருளைமுனை மின்னேற்றிகளின் காலத்தில், பல கணினிகளில் துளை ஒரு சிறு கம்பியின் முனையில் தனி உறுப்பாக இருந்தது. கெட்டால் அதை மட்டும் மாற்றினோம். 2021இல் வெளிவந்த ஃபிரேம்வொர்க் கணினியில் வடம் செருகும் முனை, கையால் கழற்றி மாற்றக்கூடிய சிறு அட்டையில் இருக்கிறது. ஆகவே வழி தெரியாமல் இல்லை.

யு.எஸ்.பி. சி துளை 10,000 முறை செருகுவதைத் தாங்கும் என்பார்கள். நாளுக்கு இருமுறை என்றால் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல். அது நேராகச் செருகி நேராக எடுக்கும் தேய்மானக் கணக்கு. பக்கவாட்டில் ஒருமுறை நெம்பினால் வடத்தின் முனை நெம்புகோலாகிறது. விசை பற்றவைப்பில் இறங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினிகளுக்கும் இந்தத் துளையைக் கட்டாயமாக்கியுள்ளது. வடிவம் பொதுவாவது நன்று. ஆனால் துளை பலகையோடு ஒட்டியிருந்தால் பொதுவாவது அதன் பலவீனமும்தான்.

அதுவரை நம்மைக் காத்துக்கொள்வோம். வடத்தை மேசைக்காலில் ஒரு சுற்றுச் சுற்றிவையுங்கள். இழுப்பு அங்கேயே நிற்கும். மடியில் வைத்து வேலை செய்யும்போது முனை தொடையில் அழுந்தவிடாதீர்கள். பைக்குள் வைக்குமுன் வடத்தைக் கழற்றுங்கள். இரு துளைகளும் மின்னேற்றுமானால் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். மலிவான காந்த முனைகளை நம்ப வேண்டாம், அவை யு.எஸ்.பி. தர வரையறைக்குள் வராதவை, மின்கசிவால் துளையையே கெடுக்கக்கூடும்.

எனினும் எச்சரிக்கை என்பது தீர்வன்று. ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கெனக் குழு அமைத்தது. சட்டம் வரும்வரை பல்கலைக்கழகங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. நம் துறைகள் கணினி வாங்கும் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒரு நிபந்தனை சேர்க்கட்டும்: மின்னேற்றும் துளை தனியே மாற்றக்கூடிய உறுப்பாக இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் வாங்குபவர் கேட்டால் விற்பவர் செவிசாய்ப்பார்.

என் கணினி பிழைத்தது. சிறுகடை ஒன்றில் ஒருவர் உருப்பெருக்கியின் கீழ் இரண்டு மணி நேரம் குனிந்திருந்து துளையை மட்டும் மாற்றிப் பற்றவைத்தார். வட்டவடைப் பாட்டி ஒருவர் பூண்டு நடவைப் பற்றிச் சொன்ன நாற்பது நிமிடமும் அதில் திரும்பக் கிடைத்தது. முடியாது என்று மையம் எழுதித் தந்த தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.