மாத்திரை எளிது, மேற்பார்வை எங்கே?

கருமுட்டை வளர்ச்சிக்கான மாத்திரையை, பழைய மருந்துச்சீட்டைக் காட்டி மூன்றாவது மாதமாகக் கடையில் வாங்கியதாக உறவுக்காரப் பெண் ஒருவர் அண்மையில் என்னிடம் கூறினார். இடையில் ஒருமுறைகூட ஸ்கேன் எடுக்கப்படவில்லை. கணவருக்கு விந்தணுப் பரிசோதனையும் நடக்கவில்லை.

அந்த மாத்திரை லெட்ரோசோல். மார்பகப் புற்றுநோய்க்கான இம்மருந்தைக் குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் பயன்படுத்த, சிசுவுக்குக் குறைபாடு ஏற்படலாம் என்ற அச்சத்தில் மத்திய அரசு 2011-இல் தடை விதித்தது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்னை உள்ள 750 பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு, 2014-இல் வெளியான ஆய்வில், பழைய மருந்தான குளோமிஃபீன் உட்கொண்டவர்களில் 19.1 சதவீதத்தினரும், லெட்ரோசோல் உட்கொண்டவர்களில் 27.5 சதவீதத்தினரும் குழந்தை பெற்றனர். பிறவிக் குறைபாடுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2017-இல் இந்தியாவில் தடை நீக்கப்பட்டது.

அதை வரவேற்கிறேன். ஆனால், தடை போன இடத்தில் கண்காணிப்பு வரவில்லை. செயற்கைக் கருத்தரிப்பு மையங்களை நெறிப்படுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம், கருமுட்டையையோ விந்தணுவையோ உடலுக்கு வெளியே கையாளும் சிகிச்சைகளுக்கே பொருந்தும். மாத்திரை மட்டும் தரும் சிகிச்சை அதன் எல்லைக்குள் வருவதில்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகள் முதிர்ந்தால் இரட்டைக் கருவும் குறைப்பிரசவமும் நேரலாம். கருக்குழாய் அடைபட்டிருந்தாலோ, கணவரிடம் குறையிருந்தாலோ மாத்திரையால் பயனில்லை, வயதுதான் கரையும். தம்பதியர் இருவருக்கும் பரிசோதனை, ஸ்கேன் கண்காணிப்பு, புதிய மருந்துச்சீட்டு ஆகிய மூன்றையும் கட்டாயமாக்குவது அரசின் கடமை. தாய்மைக்கான ஏக்கத்தை மருந்துக்கடை மேசையில் தனியே விட்டுவிடக் கூடாது.