குளிரின்மேற் போட்ட பழி

2019 ஜனவரியில் ரொறன்ரோவிலே தங்கையின் வீட்டில் தங்கியிருந்தேன். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 15 பாகை. மருமகன் காரை இயக்கியதும் அவனுக்கு முன்னால் மஞ்சள் விளக்கொன்று எரிந்தது. குதிரை லாடம் போன்றதொரு வடிவம், நடுவிலே ஆச்சரியக்குறி. முப்பது வருடமாகப் பிறர் எழுத்தில் ஆச்சரியக்குறிகளை வெட்டி வந்தவனுக்கு அது கண்ணிற் படாமற் போகுமா? என்னவென்று கேட்டேன்.

"அது குளிருக்கு வாறது மாமா. கொஞ்சத் தூரம் ஓட நூந்திடும்" என்றான்.

அவ்வாறே நூர்ந்தது. மறுநாளும் எரிந்தது, மறுநாளும் நூர்ந்தது. இரு வாரங்கள் இப்படியே கழிந்தன.

அவன் சொன்னதில் விஞ்ஞானப் பிழை எதுவுமில்லை. குளிரில் காற்றின் அழுத்தம் குறையும். ஏறத்தாழ 5 அல்லது 6 பாகை செல்சியஸ் வெப்பம் இறங்கினால் ரயரில் சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் அழுத்தம் இறங்கும். 20 பாகையில் 32 இறாத்தல் அடித்து வைத்த ரயர், அந்தக் காலையில் 26 அல்லது 27இல் நிற்கும். ஓடும்போது ரயர் சூடேற, அழுத்தமும் ஏறும், விளக்கு நூரும்.

ஆனால் அந்த விளக்கு எளிதில் எரிவதன்று. ரயர் சிதைந்து வாகனங்கள் புரண்டு பலர் மாண்டதன் பின்னர், 2000ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின் வழி வந்தது அது. அந்நாட்டு விதிப்படி, தயாரிப்பாளர் குறித்த அழுத்தத்தில் கால்வாசி குறைந்தால் அது எரிந்தாகவேண்டும். 32 வேண்டிய ரயருக்கு அந்த எல்லை 24. எனவே 26இல் ஓடுபவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காமற் போகலாம். எரியாத விளக்கை நற்சான்றிதழாகக் கொள்வது முதற் பிழை. எரிந்து நூர்ந்ததைக் குணமானதாகக் கொள்வது அதனிலும் பெரிய பிழை. அழுத்தம் குறைந்த ரயர் ஓட ஓடப் பக்கச்சுவர் மடிந்து சூடாகி, உள்ளே பழுதடைகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

மூன்றாவது வாரம் விளக்கு நூரவில்லை. பின் ஆசனத்தில் அவனுடைய இரு பிள்ளைகள். ஏறவிருந்ததோ 401ஆம் நெடுஞ்சாலை. நான் பிடிவாதம் பிடித்ததால், முகத்தைச் சுளித்துக்கொண்டு கராஜுக்குத் திருப்பினான்.

மூன்று ரயர்களில் 27 இறாத்தல். வலப்பக்கப் பின் ரயரில் 17.

குளிர் நான்கு ரயர்களையும் ஒன்றுபோலவே நடத்தும். ஒன்று மட்டும் தனித்து இறங்கினால் காரணம் வேறு. 27இல் நின்ற மற்றைய மூன்றும் அந்த விளக்கை எரித்திருக்கவே மாட்டா. அந்த ஒரு ரயர்தான் ஆரம்பத்திலிருந்தே குரல் கொடுத்திருக்கிறது. நாங்கள் குளிர்மேற் பழியைப் போட்டுவிட்டு வானொலி கேட்டுக்கொண்டிருந்தோம்.

பார்க்கவேண்டிய அளவு ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். ரயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது உச்ச அளவு. பலர் அதைப் பார்த்தே காற்றடிக்கிறார்கள். அளப்பதும் வண்டி சில மணி நேரம் நின்ற பிறகுதான். ஓடி வந்த சூட்டில் அளந்தால் கணக்குப் பொய்க்கும்.

கராஜ்காரர் ரயரிலிருந்து பிடுங்கிய ஆணியை மருமகனிடம் நீட்டினார். அதன் தலை தேய்ந்து வெள்ளிக்காசு போல மின்னியது. நெடுநாள் ஓடிய ஆணி என்றார். அவன் என்னைப் பார்க்காமல் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.