மயக்கத்தைப் போதை என்று தள்ளிவிடாதீர்கள்

பெருங்குடல் புற்றுநோயாளர் ஒருவர் குழறிப் பேசினால், ‘குடித்திருக்கிறார், தெளியட்டும்’ என்று வீட்டார் விட்டுவிடுவதைக் காண்கிறோம். அது ஆபத்தான முடிவு என்பதே எங்கள் கருத்து. வலிக்கு உட்கொள்ளும் மார்ஃபின் உடலில் மிகுந்தாலும் இதே நிலை தோன்றும். மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடக்கூடும்.

ஆகவே வாயின் வாடையை வைத்து முடிவுகட்டாமல் மூச்சை எண்ணுங்கள். ஓய்வில் நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை இயல்பு. 10-க்குக் கீழே இறங்கினாலோ, தட்டி எழுப்பியும் விழிக்காவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். திடீர் மூச்சுத்திணறலுக்கு நுரையீரலில் அடைத்த இரத்தக்கட்டியும் காரணமாகலாம், அதற்கும் காத்திராதீர்கள்.

இதற்கு அஞ்சி வலிமருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டா. மது அருந்தியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சரியான சிகிச்சையைத் தீர்மானிக்கவே கேட்கிறோம். குற்றம் காண அன்று.